எங்கள் கடையின் சீன விவகாரத் துறை

எங்கள் கடைப் பரணில் நூற்றுச் சொச்சம் மஞ்சள் ரெயின்கோட்டுகள் ஐந்து வருடத்துக்கு மேல் கிடந்தன. எல்லாம் குழந்தைகள் அளவு. ஏற்காட்டுக்கு வந்துபோன டூரிஸ்டுகள் யாரும் அவற்றைத் தொட்டுப் பார்த்ததற்கு மேல் எதுவும் செய்யவில்லை. அவை கடைக்கு வந்ததற்கு என் தகப்பனாரான அத்தாவைக் குறை சொல்ல முடியாது. மழையையும் சொல்ல முடியாது. சீனாவைப் பற்றி எனக்குத் தெரியும் என்று நான் நம்பினேன். வீட்டில் இருந்தவர்களும் நம்பிவிட்டார்கள். அதனால் வந்த வினை.

அத்தாவின் கடை ஏரிக்குப் போகும் ரோட்டில் இருக்கிறது. குடை, ஸ்வெட்டர், பொம்மை, சாவிக்கொத்து, டார்ச் லைட், சோப்புக் குமிழி விடும் துப்பாக்கி. ஸ்வெட்டரைத் தவிர எதைத் திருப்பிப் பார்த்தாலும் அடியில் சீனாவில் செய்தது என்று இருக்கும். வீடு கடைக்கு மேலே. அங்கே உட்கார்ந்துதான் நான் கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்றுக்கு கன்ட்ரோலர் மென்பொருளைச் சோதித்துக் கொடுக்கிறேன். படித்தது இன்ஸ்ட்ருமென்டேஷன். கல்லூரி புராஜெக்டுக்கு வாங்கிய சென்சார் ஒன்றின் விவரத்தாள் முழுக்கச் சீன எழுத்தில் இருந்தது. அதைப் படிப்பதற்காக அந்த எழுத்துகளைக் கற்க ஆரம்பித்தேன். மூன்றாவது மாதம் சென்சார் எரிந்துபோனது. பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது. பெய்ஜிங்கில் வெளியுறவு அமைச்சகத்துப் பேச்சாளர் மைக் முன்னால் வந்து நிற்கும்போது எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரம். சாம்பார் சோற்றைப் பிசைந்துகொண்டே அவர் சொன்னதைப் படிக்கிறவள் சேர்வராயன் மலையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. சாப்பாடு ஆறிப்போகும் என்பதைத் தவிர இதனால் நேர்ந்த பலன் எதுவும் எனக்குத் தெரியாது.

சீனாவில் எங்களுக்கு உண்மையாகவே ஓர் ஆள் இருந்தார். அக்காவின் கணவர். இவூ என்ற ஊரில் இருந்தார். உலகத்தின் சில்லறைச் சாமான் எல்லாம் அங்கிருந்துதான் கிளம்புகிறது என்று சொல்லலாம். இங்கிருந்து போகும் வியாபாரிகளை மொத்த மார்க்கெட்டுக்குள் கூட்டிப்போவது, பேசி முடிப்பது, சரக்கைச் சரிபார்த்துக் கன்டெய்னரில் ஏற்றுவது அவர் வேலை. சீன மொழியைச் சரளமாகப் பேசுவார், ஓர் எழுத்து படிக்கத் தெரியாது. எனக்குப் படிக்கத் தெரியும், பேச வாய் வராது. இருவரும் சேர்ந்தால் ஒரு முழு ஆள் என்று அக்கா சொல்வாள்.

அவர்கள் கல்யாணம் 2019 கடைசியில் நடந்தது. மச்சான் முதலில் போய் வீடு பார்ப்பது, விசா வந்ததும் அக்கா பின்னாலேயே போவது என்று பேச்சு. அதற்குள் நோய் வந்தது. ஊரடங்கில் பெண் குழந்தை பிறந்தது. எல்லையில் சண்டை வந்தது. விமானம் நின்றது. மச்சான் முதன்முதலாகத் தன் மகளைப் பார்க்க வந்தபோது அவளுக்கு இரண்டரை வயது. அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். பத்து நாள் இருந்துவிட்டு அவர் திரும்பிப் போனார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே கேள்விதான். அக்காவும் பிள்ளையும் எப்போது இவூவுக்குப் போவார்கள்? கேள்வி இரண்டு நாடுகளைப் பற்றியது என்று எல்லோரும் நினைத்ததால், பதில் சொல்லும் பொறுப்பு மாடிக்கு வந்தது.

ரெயின்கோட்டு அனுபவத்துக்குப் பிறகாவது எனக்குக் கூச்சம் வந்திருக்க வேண்டும். சண்டை நடந்து, அவர்கள் செயலிகளை இங்கே தடை செய்த வாரம் நான் அத்தாவிடம் ஏழு காரணங்கள் சொன்னேன், வரிசை எண் போட்டு. இனி சீனச் சரக்கு ஒரு துண்டுகூட வராது, இருப்பதை வாங்கிப் போடுங்கள் என்றேன். அத்தா சேலத்துக்குப் போன் போட்டார். மொத்த வியாபாரியிடம் மிச்சமிருந்தது மஞ்சள் ரெயின்கோட்டுதான். சரக்கு வருவது நிற்கவே இல்லை. ஊரடங்கில் டூரிஸ்ட் வருவதுதான் நின்றது. அதை என் ஏழு காரணங்களில் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனாலும் துறை மூடப்படவில்லை. கடைக்கு வருகிறவர்கள் சீனாவைப் பற்றி எது கேட்டாலும் அத்தா கட்டை விரலை மேலே காட்டி, "மாடியில ஆபீஸ் இருக்குதுங்க, அங்க கேளுங்க" என்பார். அதிகம் கேட்டவர் பக்கத்துக் கிராமமான தலைச்சோலைக்காரர் ஒருவர். சொந்த நிலத்தில் காப்பியும் மிளகும் போட்டிருக்கிறார். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தை எங்கள் கடை ஸ்டூலில் கழிப்பார்.

"ஏனுங்க பாய், சைனாக்காரங்க இப்ப நொம்ப காப்பி குடிக்கறாங்களாமே, நெசமுங்களா?" என்று ஒருநாள் ஆரம்பித்தார்.

நான் கூப்பிடாமலே இறங்கி வந்தேன். அவர்கள் ஊரில் தேநீரை விட்டு இளைஞர்கள் காப்பிக்கு மாறுவது, யூன்னான் மலையில் அவர்களே பயிரிடுவது, உள்நாட்டுத் தேவையைப் பெருக்க அரசு படும் பாடு, வீடு கட்டும் தொழில் படுத்துவிட்டதால் ஜனங்கள் செலவழிக்கத் தயங்குவது என்று இருபது நிமிடம் பேசினேன். அவர் பஸ் போய்விட்டது.

"செரி கண்ணு. என்ற காப்பிய வாங்குவாங்களா, மாட்டாங்களா?"

"அதை அப்படி நேரடியாச் சொல்ல முடியாதுங்க."

"இதைச் சொல்றதுக்கா கண்ணு என்னை உக்கார வெச்ச? தெரியாதுன்னு எனக்கே தெரியுமே."

அத்தா சிரிப்பை அடக்கப் பில் புத்தகத்தைப் புரட்டினார். குடை மடித்துக்கொண்டிருந்த அக்கா தலையைத் தூக்காமல், "நான் வாங்கறனுங்க. வறுத்து அரைச்சுக் கொண்டாங்க, இங்க வெச்சு வித்துப் பாக்கலாம்" என்றாள். அவர் சரி என்றார். அந்த உரையாடலில் நடந்த ஒரே வியாபார ஒப்பந்தம் அதுதான். நான் அதைக் கவனிக்கவில்லை. விட்டுப்போன யூன்னான் விளைச்சல் விவரத்தை யோசித்துக்கொண்டிருந்தேன்.

நேரடி விமானம் எப்போது வரும் என்று கணிக்க ஓர் அட்டவணை போட்டேன். இரு நாட்டு அதிகாரிகளும் சந்திக்கும்போதெல்லாம் இரண்டு தரப்பும் அறிக்கை விடுவார்கள். அதில் வரும் அடைமொழிகளுக்கு நான் மதிப்பெண் கொடுத்தேன். பேச்சு 'வெளிப்படையாக' இருந்தது என்றால் கத்திக்கொண்டார்கள், ஒன்று. 'ஆழமாக' என்றால் ரொம்ப நேரம் கத்திக்கொண்டார்கள், இரண்டு. 'ஆக்கபூர்வமாக' என்றால் இடையில் டீ குடித்தார்கள், நான்கு. இரண்டு அறிக்கையிலும் ஒரே சொல் வந்தால் கூடுதலாக ஒன்று. மொத்தம் பத்துக்கு. எட்டைத் தாண்டினால் விமானம். இந்த அட்டவணையை இணையத்தில் போட்டு, அக்காவும் மச்சானும் திறந்து பார்க்கும்படி பகிர்ந்துவிட்டேன். இரு தரப்புக்கும் ஒரே தகவல் போக வேண்டும் என்பது கொள்கை. அதற்குப் பிறகு பகிர்ந்ததை மறந்துவிட்டேன். கம்பெனியில் நான் தயாரிக்கும் அட்டவணைகளையும் யாரும் திறப்பதில்லை.

நேரடி விமானம் இல்லாமலே போகலாம் என்று, என்னைப் பாப்பா என்று கூப்பிடும் மச்சானே ஒருமுறை போனில் சொன்னார். "பாப்பா, கொழும்பு வழியா வந்துரலாம். இங்க நம்மாளுங்க எல்லாம் அப்படித்தான் குடும்பத்தைக் கூட்டிட்டு வர்றாங்க."

நான் பதினொரு காரணங்களோடு மறுத்தேன். ஆறாவது காரணம், சேலத்துக்கு இறங்கும் இருபது கொண்டை ஊசி வளைவில் பன்னிரண்டாவதிலேயே வாந்தி எடுக்கிற பிள்ளை, இரண்டு விமானமும் ஒரு ரயிலும் தாங்காது. ஒன்பதாவது, நடுவில் இறங்கும் நாட்டின் விதிகள் மாறினால் எங்கே போய் நிற்பது. நேரடி விமானம் வரட்டும், மதிப்பெண் ஏறிக்கொண்டிருக்கிறது என்று முடித்தேன். அக்கா, "அந்த லிஸ்டை அவருக்கு இன்னொருக்கா படிச்சுக் காட்டுடி" என்றாள். படித்துக் காட்டினேன். என் ஆய்வை இரண்டாவது முறை கேட்க விரும்பிய முதல் ஆள் என்று உள்ளுக்குள் குளிர்ந்துபோனேன்.

அவர்கள் இருவரும் பேசிக்கொள்வதே பெரும்பாடு. அவர்கள் ஊர்ச் செயலி இங்கே தடை. நாம் பயன்படுத்துவது அங்கே தடை. மச்சான் ஏதோ குறுக்கு வழி போட்டுத்தான் கூப்பிடுவார். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கூப்பிட்டால் அங்கே ஏழரை. வீடியோவில் அவருக்குப் பின்னால் ஆபீஸ், சோபா, மீன் தொட்டி எல்லாம் தெரியும். ஏற்காட்டில் மூடுபனி இறங்கினால் எங்கள் பக்கம் டவர் போகும், பெய்ஜிங்கில் பெரிய கூட்டம் நடந்தால் அவர் பக்கம் குறுக்கு வழி அடைபடும். இரண்டும் சரியாக இருக்கிற நாளில் பிள்ளை தூங்கிவிடும். அதனால் பேச்சு பெரும்பாலும் 'கேக்குதா?' என்பதிலேயே போனது.

மதிப்பெண் மெல்ல ஏறியது. எல்லையில் ரோந்து போவது பற்றி உடன்பாடு வந்த அன்று ஆறு. மறு வருடம் கைலாச யாத்திரை திறந்ததும் ஏழு. அமெரிக்கா அவர்கள் சரக்குக்கு வரி ஏற்றியபோது, அதனால் சீனா நம்மோடு நெருங்கும் என்று மச்சானுக்கு விளக்கினேன். அமெரிக்க வியாபாரிகள் வராமல் மார்க்கெட் எப்படி இருக்கும் என்பதையும் சொன்னேன்.

"பாப்பா, நான் அந்த மார்க்கெட்டுலதான் நிக்கறேன்" என்றார்.

"உள்ள இருக்கறவங்களுக்கு முழுப் படம் தெரியாது மச்சான்" என்றேன். இதை எழுதும்போது காது சுடுகிறது.

இந்தக் காலத்தில் கடைக்குள் ஒரு மாற்றம் நடந்தது. முதலில் கல்லாவுக்குப் பக்கத்து ரேக்கில் சாவிக்கொத்து போய்க் காப்பித்தூள் வந்தது. அப்புறம் டார்ச் லைட் இருந்த இடத்தில் மிளகு. பிறகு கரடியூர்ப் பெண்கள் இரண்டு பேர் போட்டுக் கொடுத்த ஆரஞ்சுத் தோல் ஊறுகாய். குமிழித் துப்பாக்கி வாசல் ஓரத்துக்குத் தள்ளப்பட்டது, அந்த நாலாவது ரேக்கும் காப்பிக்கே போனது. அத்தா, "பாத்தியா, உங்கக்கா என்ற கடையைப் புடிச்சுட்டா" என்று பெருமையாகப் புகார் சொன்னார். நான் அவருக்கு உலகம் முழுக்க சப்ளை செயின் சீனாவை விட்டு நகர்வதைப் பற்றி விளக்கினேன். சொந்தக் காலில் நிற்பது என்று பெய்ஜிங் தன் திட்டங்களில் திரும்பத் திரும்ப எழுதுவதில் எந்தச் சொல் எந்த வருடம் சேர்ந்தது என்பது எனக்குத் தெரியும். எங்கள் அக்கா நான்கு ரேக்கில் அதைச் செய்து முடித்தது தெரியாது.

2025 அக்டோபர் கடைசியில் கல்கத்தாவிலிருந்து குவாங்சௌவுக்கு விமானம் கிளம்பியது. அடுத்து தில்லியிலிருந்து ஷாங்காய்க்கு என்று அறிவிப்பு. ஷாங்காயிலிருந்து இவூ ரயிலில் கொஞ்ச நேரம். நான் அட்டவணையில் ஒன்பது என்று போட்டேன். இரண்டு இரண்டு படியாக இறங்கினேன்.

கடையில் கூட்டம். அக்கா தராசில் மிளகு நிறுத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒன்பது!"

"என்னடி ஒன்பது?"

"மார்க்கு. ஃபிளைட் விட்டாச்சு. நான் சொன்னேன்ல!"

"நீ சொல்லி ரெண்டு வருசமாச்சு."

"சொன்னேன்ல."

அவள் பொட்டலம் கட்டி, வந்தவரிடம் கொடுத்து, மிச்சமும் கொடுத்தாள். பிறகு என்னைக் குடைகளுக்குப் பின்னால் இழுத்தாள்.

"ஏன்டி, அதை ஒரு ஆறாக்க முடியாதா?"

"எதை?"

"மார்க்கைத்தான்."

"அது என் இஷ்டத்துக்குப் போடறது இல்லக்கா. ஒரு முறை இருக்குது."

"முறையைப் போட்டது யாரு?"

நான் பக்கத்தில் இருந்த குடை ஒன்றை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன்.

"எனக்குப் போகப் புடிக்கலைடி" என்றாள். "போன வருசமே புடிக்கலை. நீ பாட்டுக்கு ஆறு, ஏழுன்னு ஏத்திட்டே வர்ற. அங்க போயி நான் என்ன பண்றது? ரூமுல உக்காந்து சன்னல் வழியாச் சைனாவப் பாக்கறதா? இங்க நாலு ரேக் இருக்குது எனக்கு."

"மச்சான்கிட்டச் சொல்றதுதானே?"

"எப்படிச் சொல்றது? ஆறு வருசமா உங்களுக்காகத்தான் இங்க கெடக்கறேன்னு சொல்லுவாரு. அது நெசம். நாங்க போகலைன்னா அவரு யாருக்காகக் கெடக்கறாரு? இப்படியே போனா அவரு அங்க, நாங்க இங்கன்னு ஆயிரும். அதை நான் வாயால சொல்லணுமா? உன்ற பதினொரு காரணமும் எனக்கு எத்தனை சௌகரியமா இருந்துச்சு தெரியுமா?"

பத்தாவது காரணத்தைத்தான் மச்சான் கொஞ்சம் சந்தேகப்பட்டார் என்று ஞாபகம் வந்தது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு நானே மச்சானைக் கூப்பிட்டேன். நடுநிலையாளர் இரண்டு தரப்பையும் கேட்க வேண்டும். அவர் செய்தியை முன்பே பார்த்துவிட்டிருந்தார்.

"சந்தோசமா மச்சான்?"

"சந்தோசந்தான் பாப்பா." எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "ஏன் பாப்பா, இந்த ஒன்பது கெட்டியான ஒன்பதுதானா? எறங்காதா?"

"ஏன் மச்சான்?"

"இல்ல… ஒரு ஏழாயிட்டா எனக்கு அடுத்த வருசம் வரைக்கும் டைம் கெடைக்கும்."

இழுத்து இழுத்துச் சொன்னார். ஒரே அறையில் நாலு பேர். அடுக்குக் கட்டில். மார்க்கெட் மந்தமானதிலிருந்து அப்படித்தான். வீடியோவில் நாங்கள் பார்த்த ஆபீஸ் பக்கத்துக்காரருடையது. சாயங்காலம் அவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவாராம்.

"அந்தச் சோபா?"

"அதுவும் அவங்களுதுதான்."

"மீன் தொட்டி?"

"விடு பாப்பா."

ஆறு வருடமாக நேரடி விமானத்துக்குக் காத்திருப்பதாகச் சொன்ன இரண்டு பேரும், கொஞ்ச காலமாக அது வந்துவிடக் கூடாது என்று பயந்துகொண்டு இருந்திருக்கிறார்கள். இரண்டு தலைநகரங்களில் யார் எந்தச் சொல்லுக்குப் பதில் எந்தச் சொல்லைப் போட்டார் என்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, கீழ்த்தளத்தில் ஒருத்தியும் வாரத்துக்கு நாலு முறை என்னோடு போனில் பேசுகிற ஒருவரும் என்ன நினைக்கிறார்கள் என்று தெரியவில்லை.

இந்த இடத்தில் புத்தியுள்ள யாரும் பேசாமல் இருந்திருப்பார்கள். நான் பதிவு செய்தேன். புதிதாக எது தெரியவந்தாலும் எழுதி வைத்துவிட்டுத்தான் யோசிப்பேன், சோதனைக்கூடத்தில் அப்படித்தான் பழக்கினார்கள். அட்டவணையைத் திறந்து, ஒன்பதுக்குப் பக்கத்தில் புதிய பத்தி ஒன்று சேர்த்தேன். தலைப்பு: தரப்புகளின் உண்மை நிலைப்பாடு. முதல் கட்டம்: தரப்பு ஒன்று, வர விருப்பமில்லை, காரணம் கடை, மதிப்பெண்ணைக் குறைக்கக் கோருகிறார். இரண்டாம் கட்டம்: தரப்பு இரண்டு, அழைத்துக்கொள்ளத் தயக்கம், காரணம் அறை, ஆபீஸ் தன்னுடையதல்ல, மதிப்பெண்ணைக் குறைக்கக் கோருகிறார். மூன்றாவது கட்டத்தில் 'படிப்படியான அணுகுமுறை' என்று எழுதி, அதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்க டீ போடப் போனேன்.

டீ கொதிப்பதற்குள் அக்கா மேலே வந்துவிட்டாள். கையில் போன்.

"நான் தரப்பு ஒன்றாடி?"

நான் அடுப்பை அணைத்தேன். "அதை நீ… திறந்து பாப்பியா?"

"தினமும் பாப்பேன். பாக்காம? கடை தொறக்கறதுக்கு முந்தி அதைத்தான் பாப்பேன். இப்ப ஒன்பதைக் கொறைச்சியான்னு பாக்கத் தொறந்தேன். என்ற தலையெழுத்தை நீ அதுலதானே எழுதி வெச்சிருக்கற?"

ஓடிப்போய் மடிக்கணினியைப் பார்த்தேன். அழித்துவிடலாம் என்ற யோசனை. அட்டவணையின் மேல் மூலையில் இரண்டு வண்ணப் புள்ளிகள் இருந்தன. பச்சை, அக்கா. ஊதா, இவூவில் இருப்பவர். ஊதா நிறக் கட்டம் 'தரப்பு ஒன்று' என்ற வரியைச் சுற்றி நின்றது. அசையவில்லை. அக்கா என் தோளுக்கு மேல் பார்த்தாள். அவள் போனில் அவளுடைய பச்சைக் கட்டம் 'தரப்பு இரண்டு' மேல் நின்றது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்கள். ஆறு வருடத்தில் அவர்கள் இருவரும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் இருந்தது மொத்தம் சில வாரங்கள். இப்போது என் அட்டவணைக்குள் இருந்தார்கள்.

"அவரு அடுக்குக் கட்டில்லயா படுக்கறாரு?" என்றாள் அக்கா.

"மேல் கட்டிலாம்."

"அவருக்கு உயரம்னாலே தலை சுத்துமேடி."

போன் அடித்தது.

"அக்கா, நான் வேணும்னா பேச வேண்டிய பாயின்டை எல்லாம் வரிசையா எழுதி…"

"வாயை மூடிட்டுக் கீழ போயிக் கடையைப் பாரு."

இறங்கினேன். அத்தா தொழுகைக்குப் போயிருந்தார். பிள்ளை காப்பித்தூள் பொட்டலங்களை ரயிலாக அடுக்கிக்கொண்டிருந்தாள். தலைச்சோலைக்காரர் மிளகு மூட்டையோடு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஏன் கண்ணு, மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது?"

"மேல பேச்சுவார்த்தை நடக்குதுங்க."

"யாருக்கும் யாருக்கும்?"

"அக்காவுக்கும் மச்சானுக்கும்."

"சண்டைங்களா?"

"வெளிப்படையான, ஆழமான பேச்சுங்க."

"அட, அப்ப சண்டைதான்."

கூரை வழியாக அக்காவின் குரல் கேட்டது, வார்த்தை புரியவில்லை. மூன்று முறை லைன் அறுந்தது. நான் எண்ணினேன். ஒவ்வொரு முறையும் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது, பிறகு மணி அடிக்கும். மூன்றாவது முறை மணி அடிக்கத் தாமதமானது. ஒரு டூரிஸ்டுக்குக் காப்பித்தூள் என்று மிளகைக் கொடுத்துவிட்டேன். தலைச்சோலைக்காரர் ஓடிப்போய் வாங்கி வந்தார். அதற்குள் மணி அடித்தது, ஆனால் அடித்தது அக்காவின் போன் அல்ல. இந்த முறை அக்காவே மச்சானைக் கூப்பிட்டிருக்கிறாள், மறுமுனையின் மணி ஸ்பீக்கரில் கேட்டிருக்கிறது.

ஒரு மணி நேரம் கழித்து இறங்கி வந்தாள். கண் சிவந்திருந்தது. நேராகத் தராசுக்குப் போனாள்.

"டிசம்பர்ல வர்றாரு."

"கூட்டிட்டுப் போகவா?"

"நான் போகலை. சொல்லிட்டேன். வந்து கடையைப் பாருங்க, அப்புறம் என்ன பண்றதுன்னு பேசலாம்னேன்."

"அதுக்கு அவரு என்ன சொன்னாரு?"

"கடையில என்னென்ன விக்கறேன்னு கேட்டாரு." அவள் தராசுத் தட்டைத் துடைத்தாள். "அப்புறம், பொட்டலத்தை எதுல ஒட்டறேன்னு கேட்டாரு. மெழுகுவத்தியிலன்னேன். சீல் பண்ற மெசினு எந்த சைசுல வேணும்னாரு."

டிசம்பரில் மச்சான் ஷாங்காயிலிருந்து தில்லி வந்து, சென்னை வந்து, சேலம் வந்து, ஏற்காடு பஸ்ஸில் ஏறி வந்து இறங்கினார். இரண்டு பெட்டி. ஒன்று முழுக்க அந்த மெஷின். ஆக, கடையை விட்டு விரட்டப்பட்ட சீனச் சரக்கு முன்வாசல் வழியாகவே திரும்பி வந்தது. அதன் கையேடு சீன எழுத்தில் இருந்தது. பத்து வருடப் படிப்பு குடும்பத்துக்குப் பயன்பட்ட நாள் அதுதான். எல்லோரும் சுற்றி உட்கார, முதல் வரியை மொழிபெயர்த்தேன். "பயன்படுத்தும் முன் கவனமாகப் படிக்கவும்." இரண்டாவது வரிக்கு அகராதி தேடுவதற்குள் மச்சான் மெஷினைச் செருகி, திருகை ஒரு சுற்று சுற்றி, முதல் பொட்டலத்தை ஒட்டி முடித்துவிட்டார்.

முதல் இரண்டு நாள் பிள்ளை அவர் பக்கம் போகவில்லை. மூன்றாம் நாள் தூறலும் பனியும். மச்சான் எதையோ தேடிப் பரணில் ஏறினார், பாதியிலேயே தலை சுற்றிப் பிடித்துக்கொண்டார். அங்கிருந்தே கேட்டார். "இது என்ன, இத்தனை ரெயின்கோட்டு? யாரு வாங்கினது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அவர் ஒன்றை எடுத்துப் பிள்ளைக்கு மாட்டினார். இன்னொரு கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, அவளைக் கையில் பிடித்துக்கொண்டு ஏரிக் கரைக்குப் போனார். நான் குடையோடு பின்னால் போய்ப் பார்த்தேன். அவர் கத்தவில்லை, கூவவில்லை. பிள்ளையைக் கொஞ்சம் தள்ளி ஓடவிட்டார். பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாத பனியில் அந்த மஞ்சள் மட்டும் தெரிந்தது. பிள்ளைகளோடு வந்த பெற்றோர்கள் அதைப் பார்த்தார்கள். "பனியில கொழந்தை தொலையாதுங்க" என்றார், அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் கட்டு காலி. பனி இறங்கிய மற்ற நாட்களிலும் அப்படியே விற்றார். ஐந்து வருடமாகப் பரணில் இருந்த சரக்கின் பயன் அதன் நிறத்திலேயே இருந்திருக்கிறது. என் காரணங்களில் நிறம் இல்லை.

மூன்று வாரம் இருந்தார். கடையில் நின்றார். தலைச்சோலைக்காரரோடு ஜீப்பில் போய்க் காப்பிப் பழம் பறிப்பதைப் பார்த்து வந்தார். அக்காவும் அவரும் இன்னும் இரண்டு முறை சண்டை போட்டார்கள், கதவைத் திறந்து வைத்துக்கொண்டே. கடைசியில் முடிவானது இது: அவர் போய் அறையைக் காலி செய்து, கையில் இருக்கும் வியாபாரிகளை ஒரு நண்பரிடம் ஒப்படைத்துவிட்டு, மே மாத சீசனுக்கு முன் வந்துவிடுவார். அங்கே இருந்துகொண்டே அக்காவுக்குச் சாமான் பார்த்துக் கொடுக்கலாமே என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அக்கா எழுந்து கடையைப் பெருக்கப் போனாள். அவரும் அதைத் திரும்பச் சொல்லவில்லை. பிள்ளையை இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று.

அவர் கிளம்பிய காலை பஸ் ஸ்டாண்டில் பிள்ளை என் கையைச் சுரண்டினாள். "சாச்சி, எங்க அத்தா திரும்பி வந்துருவாங்களா? எத்தனை மார்க்கு?"

எனக்குத் தொண்டை வரைக்கும் ஒரு எண் வந்தது. அக்கா திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"தெரியலை சாமி" என்றேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் ஆணியில் அவருடைய கனத்த கோட்டு தொங்கியது. இரண்டு பெட்டியோடு வந்தவர் ஒன்றோடு போயிருந்தார். போனில் இவூவின் தட்பவெப்பம் பார்த்தேன், குளிர் உறைய வைக்கும் அளவு. மறந்து போனாரா, விட்டுப் போனாரா? இரண்டு பக்கத்துக்கும் என்னிடம் காரணங்கள் இருந்தன, அட்டவணையும் இன்னும் அழிக்கப்படவில்லை. அக்கா வந்து கோட்டை எடுத்து உதறி, பையெல்லாம் துழாவி, அந்துருண்டை இரண்டு போட்டு, மடித்து, பீரோவில் தன் புடவைகளுக்கு அடியில் வைத்தாள். பீரோவைச் சாத்திவிட்டு, "சும்மா நிக்காம பரணுல ரெயின்கோட்டு எத்தனை மிச்சம்னு எண்ணிச் சொல்லு. சீசனுக்கு இன்னும் வாங்கணுமான்னு அவரு கேட்டிருக்காரு" என்றாள்.

ஏறி எண்ணினேன். பதினேழு. அக்கா தானும் ஒருமுறை எண்ணிப் பார்த்தாள். பதினேழுதான்.